காய்ச்சல் கொண்டுபோன கூந்தல்

டைபாய்டு காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். அம்மா தந்த கஞ்சியிலேயே கோவளம் கடற்கரை வரை நடந்துபோய் வரும் அளவுக்குத் தேறிவிட்டேன். அப்போதுதான் ஒரு நாள் காலை, தலை வாரும்போது முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. எனக்கு வயது பதினேழு. இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல் சில வாரங்களில் எலிவால் ஆயிற்று.

அம்மா பயந்துபோனாள். காய்ச்சல் வந்த உடம்பு, தலையில் தண்ணீர் பட்டால் சளி பிடிக்கும் என்று குளிக்கவும் விடவில்லை. வேளைக்கு வேளை எண்ணெய் மட்டும் வைத்தாள். எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து தலையில் மாவுபோல் அப்பியது. அரிப்பு தாங்காமல் நகத்தால் பிறாண்டினேன். கடைசியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள்.

"திருப்போரூர்ல மொட்டை போட்டுடலாம். முருகனுக்குக் குடுத்துட்டா அடர்த்தியா வரும்."

நான் அழுதுகொண்டே பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே இருந்த அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தேங்காய் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்தின் மருமகள். மடியில் ஐந்து மாதக் கைக்குழந்தை. நான் சொன்னதைக் கேட்டதும் அவர் தலையில் போட்டிருந்த முக்காட்டை விலக்கிக் காட்டினார். நெற்றியோரம் இரண்டு பக்கமும் வெறிச்சோடிக் கிடந்தது!

"உனக்கு மட்டுமா? புள்ள பொறந்த பெறகு எனக்கும் கொட்டிகினே கீது. இன்னா பண்றதுன்னு தெரியாமத்தான் மூடிகினு கீறேன். வா, செங்கல்பட்டு ஆஸ்பத்திரில லேடி டாக்டர் கீறாங்களாம். கேட்டுட்டு வந்துடலாம்."

அம்மா ஒப்புக்கொண்டாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பஸ் திருப்போரூர் வழியாகத்தான் திரும்பும். டாக்டரால் ஆகாது என்றால் அங்கேயே இறங்கி மொட்டை.

லேடி டாக்டர் அக்காவின் நெற்றியோரத்தைப் பார்த்துவிட்டு, என் தலையை வெளிச்சத்தில் சாய்த்து, வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். பிறகு சில முடிகளை மெல்ல இழுத்தார். சுலபமாகக் கையோடு வந்தன. அவற்றை ஒரு கறுப்புத் துணிமேல் வைத்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு முடியின் அடியிலும் குட்டியாக ஒரு வெள்ளைப் புள்ளி.

"வேரே பிடுங்கிட்டு வந்துடுச்சேம்மா!" என்று அம்மா பதறினாள்.

"இது வேர் இல்லை. வேர் உள்ளே தோல்லயே பத்திரமா இருக்கு" என்றார் டாக்டர். "தலைமுடி எல்லாம் ஒண்ணா வளர்றதில்லை. கொஞ்சம் வளரும், கொஞ்சம் ஓய்வு எடுக்கும், அப்புறம் உதிரும். பெரிய காய்ச்சல் வந்தாலும் சரி, பிரசவம் ஆனாலும் சரி, நிறைய முடி ஒரே சமயத்துல ஓய்வுக்குப் போயிடும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு மொத்தமா கொட்டும். திரும்ப முளைக்கும். ரெண்டு பேருக்கும் அதேதான்."

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"மொட்டை போட்டா அடர்த்தியா வருமேம்மா?" அம்மா விடவில்லை.

"வேண்டுதல்னா அது உங்க இஷ்டம். ஆனா கத்தி தோலுக்கு மேலதான் வழிக்கும், உள்ளே இருக்கிற வேருக்கு அது தெரியாது. முதல்ல இந்த எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை சீயக்காய் போட்டு, நகம் படாம விரல் நுனியால தேய்ச்சுக் குளிக்கட்டும். ஈரத்தலையை வாரக் கூடாது, இறுக்கிப் பின்னக் கூடாது. வெறும் கஞ்சி போதாது. நல்லா சாப்பிடணும்."

திரும்பும்போது பஸ் திருப்போரூரில் நின்றது. நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா ஜன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். கண்டக்டர் விசிலடித்தார். அம்மா உட்கார்ந்தே இருந்தாள்! அக்கா என் தொடையைக் கிள்ளிய கிள்ளில் நான் கத்தியேவிட்டேன்.

அன்றிலிருந்து யாருக்கு முதலில் முடி முளைக்கும் என்று எங்களுக்குள் போட்டி. எங்கள் வீட்டில் மீன் கிடையாது. எனக்கு முருங்கைக்கீரையும் பருப்பும் வேர்க்கடலையும். அக்காவுக்கு மீனும் முட்டையும். தினமும் காலையில் கிணற்றடியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒருவர் நெற்றியை ஒருவர் ஆராய்வோம். அரிப்பு சீக்கிரமே நின்றது. ஆனால் கொட்டுவது உடனே நிற்கவில்லை. சில நாள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருவருமே எழுந்துபோயிருக்கிறோம்.

முதலில் ஜெயித்தது அக்காதான். "தே பாரு, தே பாரு!" என்று வேலியைத் தாண்டிக்கொண்டு வந்தார். நெற்றியோரத்தில் பூனைமயிர் போல மெல்லிய வரிசை. எனக்குச் சந்தோஷம் பாதி, பொறாமை பாதி. பிறகு எனக்கும் வந்தது. கறுகறுவென்று, அடங்காமல், தேங்காய் நார் பிரஷ் போல விறைத்து நின்றது. எண்ணெய் தொட்டுப் படியவைத்தாலும் கடற்காற்றில் எழுந்துகொள்ளும்.

ஒரு மாலை குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். அவன் என் முன்நெற்றி முடியைக் கை நிறையப் பிடித்து, முழு பலத்தோடு இழுத்தான். கண்ணில் நீர் முட்டியது. அக்கா ஓடிவந்து அவன் விரல்களைப் பிரித்தார். இருவரும் அந்தக் குட்டி உள்ளங்கையைக் குனிந்து பார்த்தோம்.

"ஒண்ணுகூட வரலடீ!"

நாங்கள் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். சொன்னால் நம்பவில்லை. குழந்தையின் இன்னொரு கையையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் சிரித்தாள்.