போகாத பெயிண்ட்

எங்கள் வீட்டில் எதையும் சோதிக்காமல் நம்பாதவர் மாமா ஒருவர்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அம்மாவின் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரி பாகங்களைச் சரிபார்த்து அனுப்புகிற வேலை. புதுக் குக்கர் வாங்கினால்கூட, வெறும் தண்ணீரில் விசில் வரவழைத்துப் பார்த்த பிறகுதான் அரிசி போட விடுவார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, அவர் நண்பரோடு சேர்ந்து பூந்தமல்லிப் பக்கம் ஒரு காலி மனையில் பெயிண்ட்பால் திடல் தொடங்கினார். முதலில் வந்தது ஒரு கைத்துப்பாக்கி. கோலிக்குண்டு அளவு உருண்டைகளை அது துப்பும். மேலே பட்டதும் தோல் உடைந்து கத்தரிப்பூ நிறச் சாயம் சிதறும். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. முதல் ஆட்டத்தில் நானும் உண்டு என்று மாமா சொல்லியிருந்தார். நான் அதை வகுப்பு முழுக்கச் சொல்லியிருந்தேன். அம்மா மட்டும், "மொதல்ல நான் பாக்கறேன், அப்புறம் சொல்றேன்" என்றார்.

கொரட்டூரில் எங்கள் மொட்டைமாடிதான் சோதனைக்கூடம். தண்ணீர் டிரம்மைக் குறிவைத்து மாமா சுட்டார். உருண்டை குழாய்க்குள்ளேயே உடைந்து, சாயம் அவர் மணிக்கட்டில் வழிந்தது. அடுத்ததும் அப்படியே.

"மழைக்கு உப்பே நீத்துப்போயிக் கெடக்குது. உன் உருண்டை மட்டும் ஊதாதா?" என்று அம்மா உருண்டைப் பொட்டலத்தை வாங்கி, ஈரத்தை இழுக்கட்டும் என்று அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தார்.

மறுநாள் ஒரு உருண்டைகூடக் குழாய்க்குள் உடையவில்லை. மாமா அதை வெயிலில் வைத்துச் சுட்டார், இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டு எடுத்துச் சுட்டார். "ஒருவாட்டி நல்லா சுட்டா ஒண்ணுமில்ல பாப்பா. எப்பவும் ஒரே மாதிரி சுடணும்" என்றார். டிரம் முழுக்கக் கத்தரிப்பூ பூத்தது.

அப்போது அம்மா மேலே வந்தார். நைட்டி மேல் துப்பட்டா, முகத்தில் திடலுக்கென்று வாங்கிய கறுப்புக் கவசம்.

"டிரம்முக்கு இன்னாடா தெரியும்? பசங்க மேல சுடற சாமான். என் மேல சுடு."

"அக்கா, வெளையாடாத."

"கையில சுடு. நிக்கறேன்ல."

எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, தம்பி உன்னியே சுடுறான்? ஊட்டுல பங்கு கேட்டியா?"

மாமா சிரித்துக்கொண்டே சுட்டார். அம்மாவின் தோளுக்குக் கீழே சாயம் தெறித்தது. ஒரு கணம் அசையாமல் நின்றவர், பிறகு கவசத்தைக் கழற்றிச் சிரித்தார். "கொசு கடிச்ச மாதிரிதான் கீது."

"அப்போ நான் போலாமா?"

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் அவர் கொடியில் துணி போடக் கையைத் தூக்கியபோது, நைட்டிக் கை சரிந்து, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது.

"இது என்னம்மா?"

"சாயம்டி. தேச்சுப் பாத்தேன், போவல."

எனக்குக் கவலை வந்துவிட்டது. மாமா வந்ததும் வாசலிலேயே சொன்னேன். "மாமா, உங்க பெயிண்ட் ஃபெயில். சோப்பு போட்டும் அம்மா கையை விட்டுப் போகல."

மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது சிரிப்பில்லை. ஆலன் கீ என்ற அறுகோணச் சாவியை எடுத்து, துப்பாக்கியின் அடியில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகைத் தளர்த்தினார். மாடிக்குப் போய்த் தன் தொடையில் தானே சுட்டுக்கொண்டார். முகத்தைச் சுளித்தார். இன்னும் கொஞ்சம் தளர்த்தி, மறு தொடையில் சுட்டார். அடுத்த நாள் லுங்கியை முட்டிக்கு மேல் தூக்கி அம்மாவிடம் காட்டினார். முதல் தொடையில் அதே மாதிரி வட்டம், மறு தொடையில் ஒன்றுமில்லை. அம்மா குனிந்து, விரலால் அழுத்திப் பார்த்தார்.

"சரி, இவ வரட்டும்" என்றார்.

இன்று என் மகள் எதற்காவது அனுமதி கேட்டால், வேண்டாம் என்ற சொல்தான் எனக்கு முதலில் வருகிறது. அது பொறுப்பா, வெறும் பயமா என்று பிறகு யோசித்துக்கொண்டிருப்பேன். அம்மா என்னைவிடப் பயந்தவர். ஆனால் அந்தப் பயத்தோடு மாடியேறித் துப்பாக்கியின் முன்னால் நின்றார். தோலுக்கடியில் ரத்தம் கன்றினாலும் அந்தக் கத்தரிப்பூ நிறம் வரும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை திடல் வாசலில் என் வகுப்புத் தோழி உள்ளே வரத் தயங்கினாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பயப்படாத, இப்போ சோப்பு போட்டாலே போயிடும். எங்க மாமா பெயிண்டை மாத்திட்டாரு" என்றேன்.