புருஷன் பேர் கேட்ட ஃபார்ம்

செவ்வாய்க்கிழமை என்றாலே எனக்குப் பிடிக்காது. காலையில் மாட்டுங்கா ஆபீஸில் கால் வைப்பதற்குள் போன் அடிக்கும். தாராவியிலிருந்து ஒரு தர்ம ஆஸ்பத்திரி. "ஃபார்ம் எடுக்க மாட்டேங்கு சார், வாங்க" என்று ஆபரேட்டர் மைமூனின் குரல். மற்ற நாட்களில் ஒழுங்காக ஓடும் கம்ப்யூட்டர், கர்ப்பிணிகள் வரும் செவ்வாயன்று மட்டும் சண்டித்தனம் பண்ணும்.

எண்பதுகளின் பின்பாதி அது. டிபேஸ் என்ற டேட்டாபேஸில் புரோகிராம் எழுதிக் கொடுத்து சர்வீஸும் பார்ப்பது எங்கள் கம்பெனியின் தொழில். எழுதுவது வெங்கட்ராமன் சார், அலைவது நான். சார் தன் நாற்காலியை விட்டு அசையாமலே நோயைக் கண்டுபிடித்துவிடுவார்.

"இங்க நன்னா போறதேடா. ஆத்துக்காரி பேர், என் பேர் எல்லாம் போட்டுப் பார்த்தேன், சமத்தா எடுத்துண்டுது. அந்தப் பொண்ணுக்கு டைப் பண்ணத் தெரியல" என்றார்.

முதல் மாதம் இந்தத் தொல்லை இல்லை. பிறகுதான் தொடங்கியது, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டும் போனது. நான் ஃபிளாப்பியும் பையுமாகப் போவேன், டிஸ்க்கைச் சோதிப்பேன், இண்டெக்ஸைத் திரும்பக் கட்டுவேன், நான்கைந்து பொய்ப் பெயர்கள் போட்டுப் பார்ப்பேன். எல்லாம் ஏறும். டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். அடுத்த செவ்வாய் மறுபடி போன்.

ஒரு செவ்வாயன்று ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. மராத்திக்காரர், அதிகம் பேசமாட்டார். "யே டப்பா பந்த் கரோ", இந்த டப்பாவை மூடுங்கள் என்றார். இன்னும் ஒரு வாரம் பார்ப்பாராம், சரியாகவில்லை என்றால் பழைய அட்டைக்கே போய்விடலாம், ஆபரேட்டரும் தேவையில்லையாம். எனக்குப் போனால் ஒரு கஸ்டமர்தான். மைமூனுக்குப் போவது வேலை.

அவள் கடையநல்லூர்க் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்தது தாராவி. டைப் படித்து வாங்கிய முதல் வேலை, அதுவும் டிரையலில் இருந்தது. "இது போச்சுன்னா எங்க அண்ணன் வேற வேலைக்கு விட மாட்டான் சார். நிக்காஹ் பேச்ச எடுத்துருவான்" என்றாள். அழவில்லை, அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது.

அன்று நான் பொய்ப் பெயர் போட்டுப் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வரிசையில் முதலில் நின்ற பெண் பெயர் லட்சுமி. தலைப்பிரசவம், அந்த ஆஸ்பத்திரிக்கே இப்போதுதான் வருகிறாள். மைமூன் அவளுடைய பெயர், வயது, கணவர் பெயர் என்று வேகமாக அடித்து என்டரைத் தட்டினாள். பீப். இதே ஆள் ஏற்கெனவே பதிவில் இருக்கிறார் என்றது ஸ்கிரீன்.

ஒரே நோயாளிக்கு இரண்டு நம்பர் போய்விடக் கூடாது என்று சார் வைத்திருந்த கட்டுப்பாடு அது. பெண்ணின் பெயரும் கணவர் பெயரும் ஒத்துப்போனால் ஃபார்ம் ஏற்காது. முதன்முறை வருகிறவள் எப்படி ஒத்துப்போவாள்? ரெக்கார்டுகளைத் திறந்து பார்த்தேன். லட்சுமி, கணவர் முருகன். செல்வி, கணவர் முருகன். மாரியம்மாள், கணவர் முருகன். கீழே போகப் போக முருகன்தான். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, மைமூனின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"யாரும்மா இந்த முருகன்?"

"நாந்தான் சார் போட்டேன்" என்றாள், கீபோர்டைப் பார்த்தபடி. "மொத நாளு ஒரு அக்காட்ட புருசன் பேரு கேட்டேன். வாயத் தொறக்கல. பழனி மலையில நிக்காரே, அவரு பேருதான்னா. முருகன்னு போட்டேன், எடுத்துக்கிட்டு. அடுத்த அக்காவும் சொல்லல. வெறும விட்டா பீப் அடிக்கி, கர்சர் நகர மாட்டேங்கு. நெறமாசக்காரிய காலு கடுக்க நிக்காவ. நான் என்ன செய்ய? அவளுக்கும் முருகன்னே போட்டேன்."

செம்பூரில் என் அம்மாவே அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னைத்தான் முன்னால் தள்ளுவார். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்களிடம் புருஷன் பெயரைச் சொன்னால்தான் ஆச்சு என்று ஒரு ஃபார்ம் அடம்பிடித்தால் என்ன ஆகும்? முதல் மாதம் வந்த லட்சுமிக்கு முருகன் பொருந்திவிட்டார். இரண்டாவது லட்சுமி வந்ததும் அவரே வழியை மறித்தார்.

சாரிடம் போய், கணவர் பெயரைக் கட்டாயத்திலிருந்து எடுங்கள் என்றேன்.

"ஹஸ்பண்ட் நேம் இல்லாம ரிப்போர்ட் எப்படிடா போறது?"

"சார், மாமி உங்க பேரச் சொல்லுவாங்களா?"

கண்ணாடிக்கு மேலாக என்னை முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நீயே மாத்திண்டு வா" என்றார்.

மாற்றினேன். கணவர் பெயரைக் காலியாக விடலாம். பெண்ணின் பெயரோடு வயதும் வீட்டு விலாசமும் சேர்ந்து ஒத்துப்போனால்தான் ஃபார்ம் சந்தேகப்படும். அடுத்த செவ்வாய் மைமூனும் தன் பங்குக்கு ஒரு வேலை செய்தாள். மேஜைக்கு முன்னால் ஒரு நாற்காலிக்குப் பதில் இரண்டு போட்டாள். உட்கார்ந்தவளின் புருஷன் பெயரைப் பக்கத்து நாற்காலிக்காரி சொல்ல வேண்டும்.

"இவ வீட்டுக்காரரு பேரு சுடலமுத்து. சம்பள நாளு மட்டும் வீட்டுக்கு வழி மறந்துரும், அதையும் சேத்து ஏத்து" என்றாள் ஒருத்தி.

"ஏட்டி, ஒன் ஆளு பேர நான் சொல்லட்டா?" என்றாள் மற்றவள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு டாக்டரம்மா அறையை விட்டு வந்து, மைமூனின் பின்னால் நின்றார். பழைய முருகன்களும் ஒவ்வொருவராக மாரியப்பனாகவும் இசக்கிமுத்தாகவும் மாறினார்கள். ஒருவர் மட்டும் உண்மையிலேயே முருகன்.

வரிசை முடியும் நேரத்தில் ஒரு சின்னப் பெண் தனியாக வந்தாள். பக்கத்து நாற்காலிக்காரி அவளுக்காக வாயைத் திறக்கப் போனாள். அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"அவன் பேரு எனக்குத் தெரியும், சொல்லவும் செய்வேன்" என்றாள் மைமூனிடம். "ஆனா எம்பேருக்குப் பக்கத்துல அது இருக்க வேண்டாம். அது இல்லாம வைத்தியம் பாப்பீங்களா?"

மைமூன் என்னையும் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. என்டரைத் தட்டினாள். பீப் இல்லை. கர்சர் அடுத்த வரிக்குப் போனது. "ஆயிட்டு அக்கா, உள்ள போங்க" என்றாள்.

அந்தப் பெண்ணை டாக்டரம்மாவே தோளைத் தொட்டு உள்ளே அழைத்துப் போனார். போகும்போது திரும்பி, மைமூனிடம் டிரையல் முடிந்தது, மாதம் பிறந்தால் வேலை ஆர்டர் வாங்கிக்கொள் என்று ஹிந்தியில் சொன்னார். அன்று மைமூனுக்கு இருந்த மாதிரி சந்தோஷமான முகத்தை நான் சர்வீஸில் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது கம்ப்யூட்டர் வேலைக்கு வருகிற பிள்ளைகள், ஃபார்மில் எல்லா ஃபீல்டையும் கட்டாயம் என்று போட்டுவிடுகிறார்கள். நான் அவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன். இதைச் சொல்ல முடியாதவர் யார், சொல்ல விரும்பாதவர் யார் என்று விசாரித்தாயா? அவர்களும் வரிசையில் நின்றுதான் வருகிறார்கள். அவர்களை உள்ளே விடத்தான் ஃபார்ம்.