கதிரடிப்பு நாளில் கூட்டிய ஆறு பேர்

ஷெரிஃப் என்றால் துப்பாக்கியும் குதிரையும் என்று நினைப்பவர்கள் என் வீட்டுக்காரர் ஓரினோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும். எங்கள் கான்சஸ் சீமையில் தெருவில் செத்த நாயைப் புதைப்பது, ஜூரிக்கு ஆள் பிடிப்பது, பைத்தியம் என்று தீர்ப்பானவர்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவது எல்லாம் அவர் தலையில்தான். கைதிகளுக்கு ரொட்டி சுடுவது என் தலையில்.

அந்த ஆகஸ்டில் ஹைரம் ஸ்டோபர், தன் மனைவி அல்வைனாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று மனு கொடுத்தான். பைத்தியமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல, உடனே ஜூரிக்கு ஆறு பேரைக் கூட்டி வரச் சொன்னார் நீதிபதி. கதிரடிப்புக் காலம், ஊரில் ஈ காக்கை இல்லை. ஓரின் வயலுக்குப் போய், கதிரடிக்கும் இயந்திரத்தருகே முறைக்குக் காத்திருந்த ஆறு பேரை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"அந்த மெஷின் யாரோடது?" என்று கேட்டேன்.

"ஹைரமோடது."

"அட கூறுகெட்ட மனுஷா! அவனைப் பகைச்சுக்கிட்டா அவங்க கோதுமையை யாரு அடிச்சுக் குடுப்பா?"

அவர் கோர்ட்டுக்குத் திரும்பி ஓடினார். அதற்குள் ஆறு பேரும், அல்வைனா பைத்தியம்தான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வயலுக்கு ஓடியிருந்தார்கள்.

பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் துணைக்கு ஒரு பெண் போக வேண்டும். நான் போனேன். ரயிலில் அல்வைனா எங்களைவிடத் தெளிவாகப் பேசினாள்.

"எங்கப்பா எனக்கு எழுதி வச்ச நிலத்தை விக்கமாட்டேன்னேன் அக்கா. அதுதான் என் பைத்தியம்."

ஓரின் அவளிடம், "கவலைப்படாதம்மா. டாக்டர்கிட்ட நானே சொல்றேன். சாயங்கால ரயில்லயே திரும்பிடலாம்" என்றார்.

டாக்டர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காகிதத்தைத்தான் பார்த்தார்.

"இந்தம்மாவுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் ஓரின், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"நீங்க டாக்டரா?"

"இல்லீங்க."

"ஜூரியைக் கூட்டினது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன? ஒப்படைச்சேன்னு கையெழுத்துப் போடுங்க."

கெஞ்சினார். நானும் வாய்விட்டுச் சண்டை போட்டேன். நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவு. எங்கள் பேச்சு எடுபடவில்லை. கடைசியில் என் புருஷன் கையெழுத்துப் போட்டார்.

அல்வைனா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வழியில தண்ணி பிடிக்க ரயில் நின்னப்போ ரெண்டு பேரும் தூங்கிட்டீங்க அக்கா. இறங்கிச் சோளக்காட்டுக்குள்ள ஓடியிருப்பேன். அண்ணன்தான் திரும்பக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாரேன்னு உக்காந்திருந்தேன்."