லோஜினிக்குக் கொடுத்த வீடு

கட்டைபறிச்சானில் ஆண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இல்லை. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு அவளுக்கு. மருமகன் அங்கே வந்து குடியிருப்பான். மகன் தன் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். 2000ஆம் ஆண்டு லோஜினி நவரெத்தினத்தைக் கல்யாணம் முடித்தபோது, அவளுடைய தகப்பன் சின்னராசா சபையில் எழுந்து நின்று, "வீடும் வளவும் மூத்தவளுக்கு" என்றார். அதன்பின் அந்த வளவு லோஜினியுடையது என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. தனக்குப் பின் யாருக்குச் சேரவேண்டும் என்று சின்னராசா அதில் பெயர் பதியவே இல்லை. ஊருக்கே தெரிந்த விஷயத்தைக் கந்தோரில் போய்ச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. லோஜினிக்கும் தோன்றவில்லை.

2006இல் சண்டைக்குப் பயந்து ஓடித் திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, மேற்குச் சுவரும் இல்லை. நவரெத்தினம் கடலுக்குப் போய் உழைத்ததில் கல் வாங்கினார்கள். குசினியை லோஜினியே சாந்து குழைத்துக் கட்டினாள். தாய் அந்தக் குசினியில் சமைக்காமலே அகதி முகாமிலேயே செத்துப்போனாள். படுக்கையில் விழுந்த தகப்பனை லோஜினிதான் பார்த்தாள். அவர் 2019 ஆவணியில் இறந்தார்.

ஐந்து வருடம் கழித்து, சாம்பல்தீவில் மனைவி வீட்டிலிருந்த தம்பி கிருபாகரன் வந்தான். தேத்தண்ணீரைத் தொடாமல் கதிரை நுனியில் இருந்தான்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. என்ர சின்னவள் தர்சிகாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு. மாப்பிள்ளை பகுதி வீடு கேக்குது."

"குடன். ஆர் வேண்டாமெண்டது?"

"நாங்கள் இருக்கிற வீடு என்ர மூத்தவளுக்குப் போயிற்றுது. இந்த வளவு சட்டப்படி எனக்குத்தானாம். விசாரிச்சிற்றன்."

முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த நவரெத்தினம் நிமிர்ந்தான். "அப்ப நான் இவ்வளவு காலமும் ஆரின்ர வீட்டுக்கு ஓடு மாத்தினனான்?"

"அத்தான், நீங்கள் வந்த மாப்பிள்ளை. இதில உங்களுக்குக் கதை இல்லை."

"ஓம், ஓம். ஓடு மாத்த மட்டும் ஆள் வேணும்" என்று நவரெத்தினம் மறுபடி வலைக்குள் குனிந்தான்.

"எனக்கும் ஒரு பொம்பிளைப்பிள்ளை இருக்கடா" என்றாள் லோஜினி.

கிருபாகரன் எழுந்து படலைப் பக்கம் போனான். அவன் கெட்டவன் அல்ல. இரண்டு பெண்களைப் பெற்றவன். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அவனை நன்றாக நாலு வார்த்தை ஏசவும் முடியவில்லை.

மறுநாள் அவள் காணிக் கந்தோருக்குப் போனாள். மேசையில் இருந்தவள் இளம் பெண். லோஜினி சொன்னதைக் கேட்டு, அந்தக் காணியின் கோவையைப் புரட்டியதும் அவள் முகம் மலர்ந்தது.

"பயப்படாதேங்கோ அக்கா, சட்டம் மாறிற்றுது. முந்தித்தான் ஆம்பிளைப் பிள்ளைக்கு முதலிடம். இப்ப ஆணெண்டும் பெண்ணெண்டும் இல்லை, மூத்த பிள்ளைக்குத்தான்."

"மூத்தது நான்தான் பிள்ளை!" லோஜினி வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்திலிருந்த கிழவரும் சேர்ந்து சிரித்தார்.

"அப்பா எப்ப செத்தவர்?"

"பத்தொன்பதாம் ஆண்டு, ஆவணியில."

அந்தப் பெண் கோவையை மெதுவாக மூடினாள். "சட்டம் வந்தது இருபத்திரண்டில அக்கா. அதுக்கு முந்திச் செத்தவையின்ர காணிக்குப் பழைய சட்டம்தான்."

"அதுக்கென்ன பிள்ளை? நான் அப்பவும் மூத்தவள்தானே."

அந்தப் பெண் கோவையைத் தள்ளி வைத்தாள். "எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது அக்கா" என்றாள். வழக்கு வைத்துப் பார்க்கலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

வழக்கு வைக்கலாம்தான். வைத்தால் தர்சிகாவின் சம்பந்தம் குழம்பும். தம்பி மகளின் கல்யாணத்தைக் குழப்பியவள் என்ற பெயர் வந்தால், லோஜினியின் மகளைக் கேட்டு ஒருவரும் படலை திறக்கமாட்டார்கள். மூதூர் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரும்வரை இதைத் திருப்பித் திருப்பி யோசித்தாள். வேறு வழி தெரியவில்லை.

தை பிறக்கமுன் சந்திக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து மூவரும் போனார்கள். நவரெத்தினம் வலைகளை மட்டும் கொண்டுபோனான்.

கல்யாணம் முடிந்து தர்சிகா குடிபுகுந்த அன்று பால் காய்ச்சினார்கள். லோஜினி வராவிட்டால் ஊர் கதைக்கும் என்று கிருபாகரன் இரண்டு தரம் வந்து கூப்பிட்டிருந்தான். "மாமிக்காரிதான் பால் வைக்க வேணும்" என்று பெண்கள் அவளைக் குசினிக்குள் தள்ளினார்கள். அவள் அடுப்பை மூட்டினாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது; எல்லாருக்கும் சந்தோஷம்.

"மாமி, என்னோட கோவமோ?" தர்சிகா காதோரம் கேட்டாள்.

"உன்னோட என்ன கோவம்? வீடில்லாட்டி உன்னை ஆர் முடிப்பான்?"

லோஜினியின் மகள் கோப்பைகளைக் கழுவிக் கழுவி நீட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் பெரியம்மா அந்தப் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்ல வடிவான பிள்ளை. இவளுக்கும் பாக்கிறியளோ? வீடு எவடத்தில குடுக்கிறியள்?"

மகளின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. லோஜினி கோப்பையில் பாலை நிரப்பி அந்த அம்மாவிடம் கொடுத்தாள்.

"சூடு. பாத்துக் குடியுங்கோ" என்றாள்.