வெள்ளிக்கிழமை வந்த வைஸ்

கனடாவிலிருந்து மச்சான் ஒரு தூண்டில் தடி அனுப்பினான். இறகால் கட்டிய பொய்ப்பூச்சியைக் காட்டி மீனை ஏமாற்றும் வகை. ஆறு மாதமாகத் தொண்டைமானாற்றில் வீசினேன். ஒரு மீனும் ஏமாறவில்லை. குற்றம் கடைப் பூச்சியில்தான் என்று முடிவுசெய்து, நானே கட்டுவதற்காக, தூண்டில் முள்ளை இறுக்கிப் பிடிக்கும் சின்ன வைஸ் ஒன்றை இணையத்தில் தேடினேன். மலிவானதில் முள் வழுகுமாம். விலை கூடியதற்கு மனைவியிடம் விளக்கம் சொல்ல வேண்டும். மூன்று வாரம் மண்டையை உடைத்து நடுத்தர விலையில் ஒன்றை வாங்கினேன்.

அது வந்தது வெள்ளிக்கிழமை. அன்று எங்கள் வீடு சுத்த சைவம். மீன்சட்டிகூடக் கொல்லைப்புறம் போய்விடும். வைஸோ சமைக்கிற குசினி மேசை விளிம்பில் மட்டும்தான் பொருந்தியது. முள்ளை மாட்டி மயிலிறகைச் சுற்றத் தொடங்கினேன். மனைவி வந்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா குசினிக்கை தூண்டிலோ? உதைக் கழட்டுங்கோ!"

"இது புது முள்ளப்பா! இன்னும் ஒரு மீனும் தொடேல்லை."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஓம், பழைய முள்ளும் தொடேல்லைத்தானே. அப்ப சைவம்தான். இருந்து கட்டுங்கோ."