முள் ஏறாத கேஜ்

எங்கள் வீட்டில் குக்கரைத் திறக்கும் அதிகாரம் எனக்கு மட்டும்தான். விசில் அடங்கி வெகுநேரம் ஆன குக்கராக இருந்தாலும், வெயிட்டைக் கரண்டிக் காம்பால் தூக்கி, மிச்ச ஆவி ஏதாவது இருக்கிறதா என்று காதால் கேட்ட பிறகுதான் மூடியில் கை வைப்பேன். "ஒங்கம்மா குக்கருக்கே ஸ்டெதாஸ்கோப் வச்சுப் பாப்பா" என்று என் வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் கிண்டல் செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். அன்றைக்குச் சாய ஆலையில் அந்த வெசல் முன்னால் அவர் நின்றிருந்தால் இந்த வீட்டில் குக்கரே வாங்கவிட்டிருக்க மாட்டார்.

மதுரையில் மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஸ்டாண்டு வந்த புதிது. பரவையைத் தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் நூலுக்குச் சாயமேற்றும் ஆலை ஒன்றில் இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீசியனாக இருந்தேன். அது என்ன வேலை என்று திருநகரில் எங்கள் தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. "மீட்டர் பாக்குற வேலை" என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். அதனால் கரண்டு பில் கூடுதலாக வந்தவர்கள் எல்லாம் எங்கள் வாசலில் வந்து நின்று என்னிடம் நியாயம் கேட்டார்கள். உண்மையில் என் வேலை, மூடிய இரும்புக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே நிற்பவர்களுக்குச் சொல்லும் கருவிகள் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது. சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு. உள்ளே யாரும் எட்டிப் பார்க்க முடியாது. டயலில் இருக்கும் முள் சொல்வதுதான் வேதம்.

சாயமேற்றும் பாத்திரத்தை ஆலையில் எல்லோரும் வெசல் என்பார்கள். ஆளுயரத்துக்கும் மேலான இரும்பு அண்டா. அதன் மேல் கனமான மூடி, மூடியைச் சுற்றி போல்ட்டுகள். நூலை உள்ளே இறக்கிச் சாயத்தண்ணீர் விட்டு, மூடியை முடுக்கி, கம்ப்ரசர் காற்றை ஏற்றி அழுத்தம் உண்டாக்கிய பிறகு சூடேற்றுவார்கள். அழுத்தம் மூன்று கிலோவுக்குப் போகும். சதுர சென்டிமீட்டர் ஒவ்வொன்றின் மேலும் மூன்று கிலோ. அவ்வளவு பெரிய மூடிக்கு அது டன் கணக்கில் வரும். காற்று உள்ளே இருக்கும்போது மூடியைத் திறந்தால் அது திறக்காது, பறக்கும். பின்னாலேயே கொதிக்கிற சாயத்தண்ணீர் வரும்.

எங்கள் பெரிய வெசலை ஓட்டியவர் என்னைவிட மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார். முன்பு வேலை பார்த்த இடத்தில் மூடி தெறித்து ஒருவர் முகம் வெந்ததை நேரில் பார்த்தவர். அதனால் அவரைப் போல ஜாக்கிரதையான ஆபரேட்டரை நான் பார்த்ததில்லை. எவ்வளவு அவசரம் என்று மேலிருந்து கத்தினாலும், முள் ஜீரோவுக்கு வரும்வரை ஸ்பேனரைத் தொட மாட்டார். முள் வந்து உட்கார்ந்ததும் அழுத்தம் காட்டும் கேஜின் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அப்புறம்தான் முதல் போல்ட்டு. சின்னப் பையன்கள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும், காட்டிக்கொண்டதில்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்கு ஆலை முழுக்கக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பாய்லரிலிருந்து விளக்குமாறு வரை சந்தனம் குங்குமம் வைத்தார்கள். என் ஸ்குரூடிரைவர்களுக்கு மாலை. என் கால்குலேட்டருக்குக்கூடப் பொட்டு வைத்து, ஐந்தாம் நம்பர் பட்டன் அமுங்காமல் போனது. பூஜைக்கு முன்பே எல்லா கேஜ்களையும் சரிபார்த்து மாட்டிவிட்டிருந்ததால், பொரி கடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். விடுமுறையில் ஆலை ஓடவில்லை.

திறந்த அன்று காலையில் அண்ணன் எனக்கு ஒரு பத்திரிகை கொடுத்தார். மகளுக்குக் காதுகுத்து. குலதெய்வம் கோயிலில், அடுத்த வாரம். "கட்டாயம் வரணும் தங்கச்சி, மாப்ளையையும் கூட்டிட்டு வா" என்றார். வருகிறேன் என்று பையில் வைத்துக்கொண்டேன். பையை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனவளை சூப்பர்வைசர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பெரிய வெசலில் கேஜ் ஏறவில்லையாம்.

போகும் வழியிலேயே விஷயத்தைச் சொன்னார்கள். காற்றை விட்டிருக்கிறார்கள், முள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருக்கிறார்கள், அப்போதும் அசையவில்லை. இதற்குள் தண்ணீர் சூடேறிக்கொண்டிருந்தது. மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கட் விடுமுறையில் காய்ந்து வெடித்திருக்கும், காற்று அது வழியாகப் போகிறது என்று சூப்பர்வைசர் முடிவு கட்டிவிட்டார். மூடியைத் திறந்து கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். முதலில் வெண்ட் வால்வைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும் என்பது விதி. ஆனால் முள்தான் ஜீரோவில் இருக்கிறதே, உள்ளே இல்லாத காற்றை எதற்கு வெளியே விட வேண்டும் என்று ஒருவரும் அந்த வால்வைத் தொடவில்லை. இப்போது எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வெசலை ஒட்டிய இரும்பு மேடையில் நான் ஏறியபோது அண்ணன் மூடியின் மேல் கவிழ்ந்து, அந்தப் பக்கத்து போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்று விட்டு ஒன்றாகப் பாதி போல்ட்டுகள் ஏற்கெனவே கழன்று தொங்கின. பக்கத்துக் கம்ப்ரசர் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. முள்ளைப் பார்த்தேன். ஜீரோ. சரிதான் என்றே நானும் நினைத்தேன்.

கேஜ் முன்னால் நின்றால் கண்ணாடியை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படிப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். லேசாகப் பிடித்துக்கொண்ட முள் விட்டுக்கொடுக்கும். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை கொஞ்சம் அழுத்தமாகத் தட்டினேன்.

முள் துள்ளி எழுந்து மூன்றைத் தாண்டிப் போய் நின்று ஆடியது.

அந்த இரைச்சலில் கத்தினால் கேட்காது. அண்ணனின் நெஞ்சு அந்த மூடியின் மேல் இருந்தது, ஸ்பேனர் அடுத்த போல்ட்டைக் கவ்வியிருந்தது. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். தையல் கிழிந்தது. என்னம்மா என்று திரும்பியவர் கேஜைப் பார்த்தார். ஸ்பேனரை அப்படியே விட்டுவிட்டுப் படியில் இறங்கினார். மற்றவர்களை வாசலுக்குத் துரத்திவிட்டு, கீழே குழாயில் இருந்த வெண்ட் வால்வை நான் திருகினேன்.

காற்று சீறிக்கொண்டு போனது. போய்க்கொண்டே இருந்தது. கம்ப்ரசரை நிறுத்திய பிறகும் அந்தச் சத்தம் ஷெட் முழுவதும் நிறைந்திருந்தது. உள்ளே இல்லை என்று நாங்கள் எல்லோரும் நம்பிய காற்று அது. பையில் இருந்த காதுகுத்துப் பத்திரிகை எனக்கு ஞாபகம் வந்தது. சூப்பர்வைசர் முகத்தில் ரத்தமே இல்லை. சத்தம் அடங்கியதும் அவர் மெதுவாக, கேஜை மாற்றிவிடுங்கள் என்றார், பல்பு ஃபியூஸ் போனதைச் சொல்வது போல. அவரை ஏதோ கேட்டுவிட்டேன். அதை அச்சில் போட முடியாது.

கேஜைக் கழற்றி என் மேசைக்குக் கொண்டுபோனேன். அண்ணனும் பின்னாலேயே வந்து நின்றார். முள் மாட்டிக்கொள்ள எத்தனையோ காரணங்கள் பார்த்திருக்கிறேன். துரு, தேய்ந்த பல்சக்கரம், ஒருமுறை செத்துக் காய்ந்த பல்லிக்குட்டி. அப்படி ஒன்றை எதிர்பார்த்துத்தான் வளையத்தின் திருகுகளைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தேன். எடுத்தவள் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி விறைத்துப் போனேன்.

டயலின் மேல், சரியாக ஜீரோவில், சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். காய்ந்த சந்தனத்தில் முள்ளின் நுனி கிடந்த தடம் கோடு கிழித்தது போல இருந்தது. முள் அந்தப் பொட்டில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. குங்குமத்தை முள் மறைத்துக்கொள்ள, வெளியே இருந்து பார்த்தால் ஜீரோ ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை, அவ்வளவுதான். கறைக்கா பஞ்சம் சாயப்பட்டறையில்?

யார் வேலை இது என்று நான் திரும்பிக் கேட்பதற்கு முன்பே அண்ணன் சொன்னார்.

"நாந்தேன் வச்சேன் தங்கச்சி. வெளிய வச்சா ஆவியில சாயந்தரத்துக்குள்ள கரைஞ்சு போகுது. வருசம் பூரா இருக்கட்டுமேன்னு, லேபிள் ஒட்டுற கோந்தச் சந்தனத்துல கொஞ்சம் கொழைச்சு, கண்ணாடியக் கழட்டி உள்ள வச்சேன்."

வேறு எதற்காவது இப்படி வைத்தாரா என்று பதறிப்போய்க் கேட்டேன். பாய்லர் கேஜ் கண் முன்னால் வந்து நின்றது. இல்லை, இந்த ஒன்றுக்கு மட்டும்தான் என்றார். அதன் பிறகு எனக்கு வந்த கோபம் சாதாரணமானது அல்ல. எவ்வளவு பெரிய டயல், மேலே வைத்திருக்கலாம், ஓரத்தில் வைத்திருக்கலாம், கம்பெனி பேர் இருக்கிற இடத்தில் வைத்திருக்கலாம். அத்தனை இடத்தையும் விட்டுவிட்டு முள் வந்து உட்காரும் இடத்திலா வைப்பார் ஒரு மனுஷர்? இதைக் கத்தியே கேட்டேன்.

அவர் டயலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அங்க வந்து முள்ளு நின்னாத்தேன் நான் மூடியத் தொறக்கேன். எம் உசுரு அந்த எடத்துலதான இருக்கு. வேற எங்க வைக்கச் சொல்ற?"

பிளேடை எடுத்துப் பொட்டைச் சுரண்டத் தொடங்கினேன். உதிர்ந்தது தரையில் விழக் கூடாது என்று அண்ணன் உள்ளங்கையை டயலுக்குக் கீழே ஏந்திக்கொண்டார். அப்படியும் பாதி என் மேசையில்தான் விழுந்தது. அதையும் விரலால் ஒற்றி எடுத்தார். டயலில் ஜீரோ மறுபடியும் வெள்ளையாகத் தெரிந்ததும், கையில் சேர்ந்திருந்த தூளைத் தண்ணீர் தொட்டுக் குழைத்து, கண்ணை மூடிக்கொண்டு தன் நெற்றியில் இட்டுக்கொண்டார்.

முள் துள்ளியபோது அதிர்ந்ததைவிட அப்போதுதான் அதிகம் அதிர்ந்தேன். அவரைக் கொல்லப் பார்த்த பொட்டு அது. மிச்சம் கொஞ்சம் விரலில் இருந்தது. எனக்கும் வைத்துவிட வந்தார். நெற்றியைக் காட்டினேன்.