படிக்கட்டு மூலையில் ஓர் ஓட்டை

என் வீட்டுக்காரருக்குச் சுவரில் முட்டுகிற வேலை. கேலி இல்லை, சம்பளமே அதற்குத்தான். வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறார். கேம் கடைக்குப் போகுமுன் அதை ஆடிப் பார்த்து, எங்கே தப்பு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆடுவது என்றால் நீங்களும் நானும் ஆடுகிற மாதிரி இல்லை. கதாநாயகி ஓர் அறைக்குள் நுழைந்தால் அந்த அறையின் நான்கு சுவரையும் ஓரம் ஓரமாக முட்டிப் பார்க்க வேண்டும். நடந்து முட்டி, ஓடி முட்டி, குதித்து முட்டி, வாளை வீசிக்கொண்டே முட்டி. எங்காவது சுவருக்குள் நழுவிவிட்டால் அது ஓட்டை. எந்த இடம், என்ன செய்தேன், என்ன ஆயிற்று என்று எழுதி அனுப்பினால் புரோகிராம் எழுதுகிறவர்கள் அதை அடைப்பார்கள். அடைத்த பிறகு மறுபடி போய் முட்ட வேண்டும். ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயரே முட்டி.

என் நாத்தனாருக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. போன் செய்தால் முதல் கேள்வி, தம்பி இன்னும் விளையாடிக்கிட்டுத்தான் இருக்கானா என்பதுதான். நான் திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை செய்கிறேன், அது அவருக்கு வேலையாகத் தெரிகிறது. உட்கார்ந்த இடத்தில் முதுகு பிடித்து, கண் சிவந்து, தம்பி வீட்டுக்கு வருவது மட்டும் விளையாட்டு. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது, விட்டுவிட்டேன்.

இதற்கு முன்னால் அவர் குளிர்பானத் தொழிற்சாலையில் பாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட்டில் பாட்டில்கள் ஓடும், பின்னால் வெள்ளை விளக்கு எரியும். விரிசல் விட்டது, தூசி விழுந்தது எல்லாவற்றையும் எடுத்துப் போட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். கீழ்வீட்டுக்காரர் கேம் கம்பெனியில் இருந்தார், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பாட்டிலைப் பார்ப்பானேன் என்று கூட்டிக்கொண்டு போனார். கல்யாணமாகி இரண்டு வருஷம், கைக்குழந்தை வேறு. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். என் பேச்சை யார் கேட்டார்கள்!

அப்போது அங்கே 'சாம்பல் கோட்டை' என்ற தொடரின் மூன்றாம் பாகம் தயாராகிக்கொண்டிருந்தது. இப்போது எட்டாம் பாகம் வந்துவிட்டது. ஒவ்வொரு பாகத்திலும் ஆள் புதிது, ஆனால் கதை ஒன்றுதான். சாம்பல் மன்னன் நாட்டின் வெளிச்சத்தை அணைத்துவிடுவான். கதாநாயகி வாளும் கேடயமும் கைவிளக்கும் எடுத்துக்கொண்டு கோட்டை கோட்டையாகப் போவாள். கல்லைத் தள்ளிக் கதவைத் திறப்பாள், சாவி தேடுவாள், ஒவ்வொரு கோட்டையிலும் ஒரு பூதத்தை அடித்து ஒரு தீத்துண்டை மீட்பாள். ஐந்து துண்டும் சேர்ந்தால் மன்னனின் வாசல் திறக்கும். அவ்வளவுதான். இதற்குப் போய் உலகமே பைத்தியமாக இருக்கிறது, அதிலும் மூன்றாம் பாகம் என்றால் உயிர்.

அந்த மூன்றாம் பாகத்தில் மணிக்கூட்டுக் கோட்டையைச் சோதித்தவர் என் வீட்டுக்காரர். முதல் வேலை. பார்த்து முடித்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

என் மகள் பேசாத பெண். விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்விடுவாள். மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை கேட்பதற்குக்கூட என் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். அப்படிப்பட்டவள் பதினைந்து வயதில் அந்த மூன்றாம் பாகத்தை எடுத்து ஆட ஆரம்பித்தாள். ஆடி முடித்ததும் வேகமாக ஆட ஆரம்பித்தாள். மற்றவர்கள் மாதக்கணக்கில் ஆடுவதை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கிற கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. குறுக்கு வழி தேடிக் கண்டுபிடித்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, யார் வேகம் என்று போட்டி போடுவார்கள். அந்தக் கூட்டத்தோடு இவள் ஹெட்போனில் பேசிச் சிரிப்பதை முதலில் கேட்டபோது, வேறு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து அந்த கேமைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஒருநாள் சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மணிக்கூட்டுக் கோட்டையின் படிக்கட்டு. அதன் மூலையில் முதுகைச் சுவரோடு ஒட்டி, கேடயத்தைத் தூக்கி, விளக்கை ஏற்றுகிற அதே நொடியில் பின்னால் குதித்தால், கதாநாயகி சுவருக்குள் நழுவி, இருட்டில் விழுந்து, நேராகச் சாம்பல் மன்னனின் வாசலுக்கு உள்ளே போய் நிற்கிறாள். மீதி நான்கு கோட்டை தேவையே இல்லை. கொஞ்சம் பிசகினாலும் வராது. தன்னை மாதிரி தவறாமல் செய்ய இன்னொருவர் இல்லை என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அவர் முகத்தையும்தான். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. அப்புறம் போய்ப் படுத்துக்கொண்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் வேலை பார்த்ததால் விட்டுப்போயிருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தேன். அது பொய். அவள் நன்றாகத் தூங்குகிற குழந்தை. மனுஷன் பார்க்கத் தவறினார், அவ்வளவுதான். அப்பன் விட்ட ஓட்டையில் மகள் புகுந்து பேர் வாங்கிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம், மூன்றாம் பாகத்தை, கேம் ஆடுகிற புது மெஷினுக்காக மறுபடி கொண்டுவரப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. போட்டி நடத்துகிறவர்களும் அறிவித்தார்கள், இந்தத் தடவை இறுதிப் போட்டி புதுப் பதிப்பில்தான் என்று. இறுதிக்கு வந்த நான்கு பேரில் என் மகளும் ஒருத்தி. பெரிய மண்டபத்தில், மேடையில், அத்தனை பேர் முன்னால். அந்தப் பதிப்பைச் சோதிக்கிற குழுவுக்குத் தலைவர் அவள் அப்பா.

அவர் முதல் வேலையாக அந்தப் படிக்கட்டுக்குத்தான் போனார். பழைய எலும்புக்கூட்டின் மேலேயே புதுச் சதையைப் போர்த்தியிருந்தார்களாம், ஓட்டை அப்படியே இருந்தது. குழுவில் மற்றவர்கள் சின்னப் பிள்ளைகள், அதைப் பாசமாகவே பார்த்தார்கள், எழுதவில்லை. எழுத வேண்டியவர் இவர். எழுதினால் அடைத்துவிடுவார்கள். அடைத்துவிட்டால் ஐந்து கோட்டையையும் சண்டை போட்டுக் கடக்க வேண்டும், சண்டையில் மற்ற மூவரும் என் மகளைவிடக் கெட்டி. அவளுடைய பலமே அந்தப் படிக்கட்டுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஊருக்கே தெரிஞ்ச ஓட்டைதானே, இருந்துட்டுப் போகட்டுமே. நம்ம வீட்டுச் சுவரா அது?" என்றேன்.

"தெரியாம விட்டது தப்பு" என்றார். "தெரிஞ்சே விட்டா அதுக்குப் பேரு வேற."

ஒன்று மட்டும் செய்தார். எழுதுவதற்கு முன்னால் மகளிடம் போய், படிக்கட்டை நம்பாதே என்று சொன்னார். நீங்கதான் எழுதப்போறீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றார். சரி என்று அறைக்குள் போனவள்தான், அதற்கப்புறம் அவரோடு பேச்சில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷனுக்கு, "அவர்கிட்ட சொல்லுங்கம்மா, குழாய் ஒழுகுதுன்னு" என்று என் வழியாகத் தகவல் போகும். அவரும், "பாக்கறேன்னு சொல்லு" என்பார். நடுவில் நான் தபால்காரி.

புதுப் பதிப்பு வெளிவந்தது. படிக்கட்டு மூலை கல்லாக இருந்தது. அவள் அழுதாள், நான் கேட்டேன், அவரும் கேட்டார். வேறு வழி தேடுகிறேன் என்று உட்கார்ந்தாள். கல்லூரி விட்டு வந்தால் அதே வேலை. அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல்தான் பிறந்திருந்தாள், சுவர் சுவராக முட்டினாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அறையிலிருந்து ஒரு கூச்சல். குதித்துக்கொண்டு வெளியே வந்தாள். கூடத்தில் அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து வாயைத் திறந்துவிட்டாள், "அப்பா" என்பது பாதி வந்தேவிட்டது. பிறகு மூடிக்கொண்டு திரும்பிப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

புது ஓட்டை கிடைத்துவிட்டது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் கண்ணில் பட்டால் அது அவர் வேலை, எழுதியே தீருவார். கடைக்குப் போன கேமையும் இப்போதெல்லாம் இன்டர்நெட் வழியாகத் திருத்திவிடுவார்கள். அதனால் அன்றிலிருந்து இந்த மனுஷன் பட்ட பாடு இருக்கிறதே! அவள் அறையைத் தாண்டிப் போகும்போது இருமிக்கொண்டே போவார். கதவு திறந்திருந்தால் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டிவியை அலறவிடுவார். சொந்த வீட்டில் திருடன் மாதிரி நடமாடினார். அவளோ என்னை மட்டும் தாராளமாக உள்ளே விட்டாள். டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியாது என்ற நம்பிக்கை.

போட்டிக்கு அவர் வருவாரா என்று எனக்குச் சந்தேகம்தான். சட்டை மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றார். பஸ்ஸில் போகும்போது மெதுவாகக் கேட்டார், "எந்தக் கோட்டைன்னு மட்டும் சொல்லு. மத்தது வேண்டாம்."

"ரெண்டாவது. தண்ணி வருமே, அது" என்றேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் நான்கு பேர், மேலே பெரிய திரையை நான்காகப் பிரித்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். முதல் கோட்டையில் என் மகள் கடைசி. மணிக்கூட்டுப் படிக்கட்டை அவள் ஏறிக் கடந்தபோது, கூட்டத்தில் யாரோ ஐயோ பாவம் என்றார்கள், இவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது கோட்டையின் வாசலில் தண்ணீர் தெரிந்ததும் அவர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். வெளிச்சம்கூடத் தெரியாமல் குனிந்து, நெற்றியை முழங்காலில் முட்டியபடி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து இருக்கைக்காரர் உடம்புக்கு முடியவில்லையா என்று என்னைக் கேட்டார்.

என் மகள் தண்ணீருக்குள் போனாள், என்னமோ செய்தாள், மன்னனின் வாசலுக்குள் வந்து விழுந்தாள். மண்டபம் எழுந்து நின்றது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. கடைசியில் இருந்தவள் ஒரே மூச்சில் முதலாவது. அடுத்த காட்சி வருவதற்குள் திரை கொஞ்சம் இருட்டாகுமே, அந்த நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பினாள். எழுந்து நிற்கிற அத்தனை பேருக்கும் நடுவில் அவள் அப்பா மட்டும் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த சிரிப்பில் விரல் தவறி, மன்னனின் முதல் அடியைத் தடுக்காமல் வாங்கினாள். அங்கே அடி வாங்கினால் தொடக்கத்திலிருந்து சண்டை. சண்டையில் அவள் கெட்டி இல்லையே, விழுந்து விழுந்து எழுந்து வருவதற்குள் மீதிக் கோட்டைகளையும் முடித்துவிட்டு ஒரு பையன் அவளை முந்திவிட்டான். இரண்டாம் இடம்.

கீழே இறங்கி நேராக அவரிடம் வந்தாள். கன்னமெல்லாம் ஈரம். இப்போது என்ன சொல்லப் போகிறாளோ என்று பார்த்தேன்.

"பாக்கலயாப்பா?"

"இல்லம்மா. பாத்தா எழுதணும்."

"உங்களப் பாத்துத்தான் சிரிச்சுட்டேன். அதுலதான் போச்சு."

அவர் அவள் தோளில் கை வைக்கப் போய், வைக்காமல் நின்றார். அவளே அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பழகிப் பார்ப்பதற்காக மேடை ஓரத்தில் வைத்திருந்த மெஷினுக்குப் போனாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"வேண்டாம்மா. அடுத்த வருஷமும் போட்டி இருக்கு" என்றார்.

"இன்னிக்கு எல்லாரும் பாத்தாச்சு. யாரோ ஒருத்தர் எழுதத்தான் போறாங்க. அது நீங்களா இருங்க" என்றாள். "கண்டுபிடிச்ச அன்னிக்கே உங்ககிட்டதான் ஓடி வந்தேன்ப்பா."

தண்ணீர்க் கோட்டை வாசல் திரையில் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார், துடைக்கத் துடைக்க ஈரமாகிக்கொண்டே இருந்தது. அவள் ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.